குருதி ஊட்டக்குறைப் பக்கவாதத்தில் சிறுதட்டுகளும் அழற்சியும்

குருதி ஊட்டக்குறைப் பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் தமனி ஒன்று குருதி உறைவினால் அடைபட்டு, அத்தமனியை நம்பியிருக்கும் மூளைப் பகுதி உயிர்வளியும் குளுக்கோசும் கிடைக்காமல் திடீரெனச் செயலிழக்கும் நோய்நிலை ஆகும். மூளையினுள் குழாய் வெடித்துக் குருதி கசிவதால் வரும் குருதிக்கசிவுப் பக்கவாதம் இதிலிருந்து வேறானது. அடைப்பை உண்டாக்குவதில் குருதிச் சிறுதட்டுகள் முதன்மையான பங்கு வகிக்கின்றன என்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அதே சிறுதட்டுகள் வெள்ளையணுக்களுடன் சேர்ந்து மூளையின் நுண்குழாய்களில் அழற்சியைத் தூண்டுகின்றன என்பதும், அடைப்பு நீங்கிய பின்னரும் இதனால் சேதம் வளரக்கூடும் என்பதும் பின்னர் தெளிவாகியவை. இவ்விரு நிகழ்வுகளையும் பிரிக்காமல் ஒன்றாகக் குறிக்க 'உறைவழற்சி' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாம். குருதி ஊட்டக்குறைப் பக்கவாதத்தையே ஓர் உறைவழற்சி நோயாகக் கருதலாமா என்ற கேள்வியை செருமனியின் வூர்சுபுர்க் நகர ஆய்வாளர்களான நீசுவான்ட், கிளைன்சினிட்சு, சுட்டோல் ஆகியோர் 2011 இல் முன்வைத்தனர்.

சிறுதட்டுகள்

தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சல் பரவும் பருவங்களில் 'தட்டணுக்கள் குறைந்துவிட்டன' என்று நாளிதழ்களில் வரும் செய்திகளின் வழியாகவே பலரும் சிறுதட்டுகளை அறிந்துள்ளனர். தட்டணு, சிறுதட்டு இரண்டும் ஒன்றே. இவை முழுமையான உயிரணுக்கள் அல்ல. எலும்பு மச்சையில் உள்ள மிகப்பெரிய உயிரணுக்களில் இருந்து பிரிந்து வரும், கரு இல்லாத துண்டுகள். விட்டம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். வாழ்நாள் 7 முதல் 10 நாட்கள். நலமுள்ள ஒருவரின் 1 மைக்ரோலிட்டர் குருதியில் 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை இருக்கும். குழாய்ச் சுவர் காயமடைந்த இடத்தில் முதலில் வந்து ஒட்டுபவை இவையே என்பதை இத்தாலிய மருத்துவர் சூலியோ பிசோசெரோ 1882 இல் நுண்ணோக்கியின் வழி கண்டு விளக்கினார்.

டெங்குவில் சிக்கல் எண்ணிக்கையில் உள்ளது. பக்கவாத நோயாளியின் பரிசோதனை அறிக்கையிலோ சிறுதட்டு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே காணப்படும். எனவே எண்ணிக்கை சரியாக இருப்பதைக் கொண்டு பக்கவாதம் வராது என்று முடிவு செய்ய இயலாது. இங்கு கவனிக்க வேண்டியது அவை எங்கே, எதனால் தூண்டப்படுகின்றன என்பதாகும்.

அடைப்பு உருவாதல்

குழாயின் உட்சுவரை அமைக்கும் அகவணி உயிரணுக்கள் நலமாக இருக்கும்வரை சிறுதட்டுகள் ஒட்டாமல் உருண்டோடுகின்றன. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்று கிழியும்போது அகவணிக்கு அடியில் மறைந்திருந்த கொலாஜன் குருதியின் முன் வெளிப்படுகின்றது. வான் வில்லிபிராண்டு காரணி என்னும் நீண்ட புரதம் அதில் பற்றிக்கொண்டு, குருதி விரைந்தோடும் தமனியில் கயிறு போல நீள்கின்றது. கடந்து செல்லும் சிறுதட்டு தன் மேற்பரப்பில் உள்ள கிளைக்கோபுரதம் 1பி என்னும் ஏற்பியால் அக்கயிற்றைப் பிடித்து வேகம் குறைகின்றது. அடுத்து கிளைக்கோபுரதம் 6 என்னும் ஏற்பி கொலாஜனைத் தொடுகின்றது. இத்தொடுகையே சிறுதட்டை முழுமையாகத் தூண்டும் முதன்மைக் குறிகைகளுள் ஒன்று.

தூண்டப்பட்ட சிறுதட்டு வடிவம் மாறிக் கால்களை நீட்டுகின்றது. தன்னுள் சேமித்து வைத்திருந்த அடினோசின் டைபாஸ்பேட்டு, செரோட்டோனின் முதலியவற்றைக் கொட்டுகின்றது. துரோம்பாக்சேன் என்னும் பொருளைப் புதிதாக ஆக்குகின்றது. இவை அருகில் செல்லும் பிற சிறுதட்டுகளையும் அழைக்கின்றன. இறுதியில் கிளைக்கோபுரதம் 2பி/3ஏ என்னும் ஏற்பி விரிந்து, பைபிரினோசன் என்னும் புரதத்தைப் பாலமாகக் கொண்டு ஒரு சிறுதட்டை மற்றொன்றுடன் பிணைக்கின்றது. அதன்மேல் பைபிரின் இழைகள் வலை பின்ன, உறைவு உறுதியாகின்றது. அவ்விடத்திலேயே அது குழாயை மூடலாம்; துண்டாகப் பிய்ந்து மூளையின் தமனிக்குச் சென்று சிக்கவும் செய்யலாம்.

எல்லா உறைவுகளும் இவ்வழியில் தோன்றுவதில்லை. இதயத்தின் மேலறைகள் சீரின்றித் துடிக்கும்போது அங்கே தேங்கும் குருதி உறைந்து மூளைக்குச் செல்வது மற்றொரு பெரும் காரணமாகும். இத்தகையோருக்குப் பின்னாளில் மீண்டும் வராமல் தடுக்க, சிறுதட்டுத் தடுப்பு மருந்துகளைவிட வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்துகளே பயன்தருகின்றன. ஆதலால் பக்கவாதம் வந்த இருவர் ஒரே மாத்திரையை உட்கொள்ள வேண்டும் என்பதில்லை.

காலக்கணக்கு

100 கிராம் மூளைத் திசு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதியைப் பெறுகின்றது. இது ஏறத்தாழ 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்கள் செயலிழக்கின்றன. 10க்குக் கீழே போனால் விரைவில் இறக்கின்றன. இறந்த மையப் பகுதியைச் சுற்றி, செயலிழந்தும் இன்னும் இறவாத பகுதி ஒன்று இருக்கும். கோள்மறைப்பில் வரும் சொல்லையே இரவல் பெற்று இதனைப் புறநிழல் என்கின்றனர். சிகிச்சை அனைத்தும் இப்புறநிழலைக் காப்பாற்றுவதற்கே. பெரிய தமனி அடைபட்ட ஒருவர் நிமிடத்துக்குச் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்களை இழக்கிறார் என அமெரிக்க நரம்பியலாளர் செஃப்ரி சேவர் 2006 இல் கணக்கிட்டார்.

உறைவைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்து 3 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் பயன்தரும் என்பது 1995 இல் வெளியான அமெரிக்கச் சோதனையால் நிறுவப்பட்டது. 2008 இல் ஐரோப்பியச் சோதனை ஒன்று இந்த எல்லையை 4.5 மணி நேரமாக நீட்டியது. பின்னர் வந்த டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியாகச் செலுத்தத்தக்கது. புனே நகர நிறுவனம் ஒன்று தயாரிக்கும் இம்மருந்துக்குப் பக்கவாதச் சிகிச்சைக்கான இந்திய ஒப்புதல் 2016 இல் கிடைத்தது. அமெரிக்க ஒப்புதல் 2025 இல்தான் வந்தது.

கடிகாரம் எப்போது தொடங்குகின்றது என்பதில் குழப்பம் ஏற்படுவதுண்டு. நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரமே தொடக்கம். அறிகுறியைப் பிறர் கண்ட நேரம் அன்று. பூசலார் நாயனாரின் ஊராக அறியப்படும் திருநின்றவூரை எடுத்துக்கொள்ளலாம். சென்னை–அரக்கோணம் தொடர்வண்டித் தடத்தில் ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் இடையே, சென்னை சென்ட்ரலில் இருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் இது. காக்களூர், திருமழிசை, கும்மிடிப்பூண்டி எனத் தொழிற்பேட்டைகள் நிறைந்த இம்மாவட்டத்தில் இரவுப் பணி முடித்துக் காலை 8 மணிக்கு உறங்கச் செல்லும் ஒருவர், பகல் 1 மணிக்கு வாய் கோணி, கை தளர்ந்த நிலையில் காணப்பட்டால், அவருடைய கணக்கில் 5 மணி நேரம் முன்பே கழிந்துவிட்டது. வழக்கமான எல்லை கடந்துவிட்டபடியால் மூளைப் படங்களைக் கொண்டே மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கும். இரவில் விழித்துப் பகலில் தனியே உறங்கும் வாழ்க்கைமுறை இந்நோயில் இப்படியும் ஓர் இடரைத் தருகின்றது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 அவசர ஊர்தி இயங்குகின்றது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஒரு திசையிலும், சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே உள்ள இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மறுதிசையிலும் உள்ளன. ஊர்தியை அழைக்கும்போதே வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றையும் கடைசியாக நலமாக இருந்த நேரத்தையும் சொல்லிவிட்டால், சிடி கருவியும் கரைப்பு மருந்தும் உள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வழியுண்டு.

வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுக்கும் வழக்கம் இங்கு ஆபத்தானது. மாரடைப்புக்குச் சொல்லப்படும் அறிவுரை பக்கவாதத்துக்குப் பொருந்தாது. அடைப்பா, கசிவா என்பது வெளியிலிருந்து பார்த்துக் கண்டறியக் கூடியதன்று. கசிவாக இருப்பின் சிறுதட்டுகளை முடக்குவது கசிவைப் பெருக்கலாம். விழுங்கும் திறன் குன்றிய நோயாளிக்கு வாய்வழி எதைக் கொடுத்தாலும் அது மூச்சுக்குழலுக்குள் செல்லவும் கூடும்.

வழி திறந்த பின்னும் நீளும் சேதம்

2015 முதல் வெளியான சோதனைகள், தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக நுண்குழலைச் செலுத்தி உறைவையே வெளியே இழுத்தெடுக்கும் முறையை நிலைநாட்டின. ஐந்து சோதனைகளில் பங்கேற்ற 1,287 நோயாளிகளின் தரவுகள் 2016 இல் ஒன்றுசேர்த்து ஆராயப்பட்டன. உறைவு எடுக்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் 90 நாட்களுக்குப் பின் பிறர் உதவியின்றி வாழும் நிலையில் இருந்தனர். எடுக்கப்படாதோரில் இது 26.5 விழுக்காடு. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதே தொகுப்பில் 71 விழுக்காட்டினருக்குக் குருதியோட்டம் நன்கு மீட்கப்பட்டிருந்தது. தமனி திறந்தும் தன்னிலை திரும்பாதவர்கள் பலர் இருந்தனர் என்பதை இவ்விரு எண்களுக்கும் இடையிலான இடைவெளி காட்டுகின்றது. தாமதம், முதுமை, முன்பே இறந்துவிட்ட திசு ஆகியவை இதற்கு ஒரு பகுதிக் காரணங்கள். மற்றொரு பகுதி நுண்குழாய்களில் உள்ளது.

பெரிய தமனி திறந்தாலும் அதன் நுனியில் உள்ள நுண்குழாய்களில் குருதி ஓடாதிருக்கும் நிலையை 1968 இல் ஏம்சும் உடனாய்வாளர்களும் முயல்களில் விவரித்தனர். பிரதான குழாயில் தண்ணீர் வந்தும் வீட்டுக் குழாயில் வராத நிலையோடு இதனை ஒப்பிடலாம். நுண்குழாய்கள் சுருங்குதலும் சுற்றியுள்ள உயிரணுக்கள் வீங்கி அவற்றை நெருக்குதலும் இதற்குக் காரணமாகின்றன. அவற்றோடு சேர்ந்து செயல்படுவது உறைவழற்சி.

குருதி நின்ற சில நிமிடங்களிலேயே அகவணி உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் பி-செலெக்டின் போன்ற ஒட்டுப் புரதங்களை வெளிப்படுத்துகின்றன. தூண்டப்பட்ட சிறுதட்டுகளும் அதே பி-செலெக்டினைத் தம் மேல் ஏற்றுகின்றன. இதனால் வெள்ளையணுக்களுள் நியூட்ரோஃபில் வகையினவும் ஒற்றையணுக்களும் சிறுதட்டுகளோடு கோத்துக்கொண்டு கொத்துகளாகின்றன. சிறுதட்டுகள் இன்டர்லியூக்கின்-1 முதலிய அழற்சித் தூதுப்பொருட்களையும் வெளியிடுகின்றன. நியூட்ரோஃபில்கள் குழாயின் அடித்தளச் சவ்வை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. மூளையைக் குருதியில் இருந்து பிரிக்கும் மூளைக்குருதித் தடுப்பு இதனால் ஓட்டையாகி, நீர் புகுந்து வீக்கம் உண்டாகின்றது. சிலருக்குக் குருதியே கசிந்து, அடைப்பு நோய் கசிவு நோயாகவும் மாறுகின்றது.

வூர்சுபுர்க் குழுவினர் 2007 இல் சுண்டெலிகளில் செய்த சோதனை இத்துறையின் போக்கை மாற்றியது எனலாம். கிளைக்கோபுரதம் 1பியைத் தடுத்தபோது மூளைச் சேதம் வெகுவாகக் குறைந்தது. மூளைக்குள் கசிவு கூடவில்லை. சிறுதட்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் 2பி/3ஏ ஏற்பியைத் தடுத்தபோது சேதம் குறையாமல் கசிவு மட்டும் கூடியது. சிறுதட்டுகள் கட்டியாகத் திரள்வதைவிட, அவை சுவரில் முதலில் ஒட்டுவதே மூளைக்குக் கேடு செய்கின்றது என்று இதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. டி உயிரணுக்கள் இல்லாத எலிகளுக்குச் சேதம் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டனர். நோய்க்கிருமி எதுவும் இல்லாத இடத்தில் நோயெதிர்ப்புத் தொகுதி இவ்வளவு முனைப்புடன் இறங்குவது வியப்பானதே.

உறைவினுள் வலைகள்

நியூட்ரோஃபில்கள் இறக்கும்போது தம் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்கவைக்கும் என்பது 2004 இல் பெர்லின் ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. உறைவை வெளியே எடுக்கும் சிகிச்சை பரவியதால், அதுவரை உயிருள்ளோரிடம் இருந்து எடுத்துப் பார்க்க இயலாத மூளை உறைவுகள் ஆய்வகத்துக்கு வரத் தொடங்கின. அவற்றைச் சோதித்த பெல்ஜிய ஆய்வாளர்கள் 2017 இல் இத்தகைய டிஎன்ஏ வலைகள் அவ்வுறைவுகளில் இருப்பதை அறிவித்தனர். ஆல்டெப்ளேஸ் கரைப்பது பைபிரின் வலையை மட்டுமே. டிஎன்ஏ வலையை அது தொடுவதில்லை. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது, குடுவையில் இவ்வுறைவுகள் விரைவாகக் கரைந்தன. செங்குருதியணுக்கள் நிறைந்த பகுதிகள் எளிதில் கரைய, சிறுதட்டுகள் நிறைந்த பகுதிகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன என்பதற்கும் இதில் ஒரு விடை கிடைத்தது.

மருந்துச் சோதனைகள்

ஆஸ்பிரினே இன்றும் அடிப்படை மருந்து. துரோம்பாக்சேன் உருவாக்கத்தை அது மீளாவகையில் தடுக்கின்றது; கரு இல்லாத சிறுதட்டால் புதிய நொதியைச் செய்துகொள்ள இயலாததால், ஒரு மாத்திரையின் விளைவு அச்சிறுதட்டின் வாழ்நாள் முழுதும் நீடிக்கின்றது. 1997 இல் வெளியான இரு பெரும் சோதனைகளில் மொத்தம் ஏறத்தாழ 40,000 பேர் பங்கேற்றனர். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்கப்பட்ட 1,000 பேரில் ஏறத்தாழ 9 பேர் இறப்பில் இருந்தோ மறுபக்கவாதத்தில் இருந்தோ தப்பினர். எண் சிறிதெனினும் மருந்தின் விலை அதனினும் சிறிது. உறைவு கரைக்கும் மருந்து பெற்றவர்களுக்கு வழக்கமாக 24 மணி நேரம் கழித்து, மறுபடம் எடுத்துப் பார்த்த பின்னரே ஆஸ்பிரின் தொடங்கப்படுகின்றது.

இதைவிட வன்மையாகத் தடுத்தால் இன்னும் நன்மை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பலமுறை பொய்த்தது. 2பி/3ஏ ஏற்பியைத் தடுக்கும் அப்சிக்சிமாப் மருந்தின் சோதனை 2005 இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. முதன்மை நோயாளிக் குழுவில் அறிகுறியுடன் கூடிய மூளைக் கசிவு மருந்து பெற்றவர்களில் 5.5 விழுக்காடாகவும் வெற்று மருந்து பெற்றவர்களில் 0.5 விழுக்காடாகவும் இருந்தது. சுண்டெலிகள் பின்னர் காட்டியதும் இதற்கு ஒத்திருந்தது குறிப்பிடத்தக்கது. கரைப்பு மருந்துடன் எப்டிஃபிபடைடு சேர்த்துக் கொடுத்த சோதனையும் 2024 இல் பயன் காட்டவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த டைரோஃபிபான் மட்டும், பெரிய தமனி அடைபடாத நோயாளிகளுக்கு சீனாவில் 2023 இல் நடந்த சோதனையில் நற்பலன் தந்தது: மிக நல்ல நிலைக்குத் திரும்பியோர் 29.1 விழுக்காடு, ஆஸ்பிரின் பெற்றவர்களில் 22.2 விழுக்காடு.

அழற்சியை நேரடியாகத் தடுக்கும் முயற்சிகளின் வரலாறு இன்னும் கசப்பானது. வெள்ளையணுக்கள் அகவணியில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் என்னும் எலி எதிர்ப்பொருள் 625 நோயாளிகளில் சோதிக்கப்பட்டது. 2001 இல் வெளியான முடிவின்படி 90 நாளில் இறந்தோர் மருந்துக் குழுவில் 22.2 விழுக்காடு, மற்றக் குழுவில் 16.2 விழுக்காடு. அயல் உயிரினத்தின் புரதமாகிய அம்மருந்தே அழற்சியைத் தூண்டியிருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. மனிதத்தன்மையாக்கப்பட்ட எதிர்ப்பொருளான நாட்டலிசுமாப் 2017 இல் சேதப் பரப்பைக் குறைக்கத் தவறியது. கீல்வாதத்துக்குப் பயன்படும் கோல்ச்சிசின், 8,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற சீனச் சோதனையில் மறுபக்கவாதத்தைக் குறைக்கவில்லை என 2024 இல் அறிவிக்கப்பட்டது.

தோல்விகளுக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, அழற்சி முற்றிலும் பகையன்று என்பது. இறந்த திசுவை அகற்றுவதும் நாட்கள் கழித்துச் சீரமைப்பைத் தொடங்குவதும் அதே உயிரணுக்களே. மேலும் பக்கவாதத்துக்குப் பின் உடலின் நோயெதிர்ப்பு தானாகவே தாழ்ந்து, நுரையீரல் அழற்சி போன்ற தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன. முதல் சில மணி நேரத்தில் தடுக்க வேண்டியதை மூன்றாம் நாளில் தடுத்தால் கெடுதலாகக்கூடும்.

குளோப்பிடோகிரெலும் தமிழரின் மரபணுவும்

தென்னிந்தியப் பக்கவாதம் பற்றிய ஆய்வுகள் பழமையானவை. 'ஸ்ட்ரோக்' ஆய்விதழ் தொடங்கிய 1970 ஆம் ஆண்டிலேயே, முதல் தொகுதியில், வேலூர்ப் பகுதியில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு வெளிவந்தது. 1 இலட்சம் பேரில் ஏறத்தாழ 57 பேர் பக்கவாதத்தால் உடற்பாதி செயலிழந்து வாழ்வதாக அது கண்டது. சிறுதட்டுகளைப் பொறுத்தவரை தமிழருக்கு நேரடியாகப் பயன்படும் தரவு புதுச்சேரியில் இருந்து வந்தது.

சிறிய பக்கவாதம் வந்தவர்களுக்கும், அறிகுறிகள் விரைவில் மறைந்துவிடும் தற்காலிகத் தாக்கம் வந்தவர்களுக்கும் ஆஸ்பிரினோடு குளோப்பிடோகிரெலையும் சில வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பது 2013 முதல் வழக்கத்துக்கு வந்தது. அவ்வாண்டு சீனாவில் 5,170 பேரிடம் நடந்த சோதனையில் 90 நாட்களுக்குள் பக்கவாதம் வந்தோர் இரு மருந்துக் குழுவில் 8.2 விழுக்காடு, ஆஸ்பிரின் குழுவில் 11.7 விழுக்காடு. குளோப்பிடோகிரெல், சிறுதட்டுகள் ஒன்றையொன்று அழைக்கும் அடினோசின் டைபாஸ்பேட்டுக் குறிகையைத் தடுக்கின்றது. ஆனால் மாத்திரையில் இருக்கும் வடிவில் அது செயலற்றது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்னும் நொதி அதனை மாற்றினால்தான் செயல்படும். அந்நொதிக்கான மரபணுவின் பழுதுற்ற மாற்று வடிவத்தை உடையவர்களுக்கு மருந்தின் பயன் குறைகின்றது.

ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், தமிழரிடையே இம்மரபணுவின் பழுதுற்ற முதன்மை வடிவம் ஏறத்தாழ 38 விழுக்காடு காணப்பட்டது. ஐரோப்பியரில் இது ஏறத்தாழ 15 விழுக்காடே. இரு பிரதிகளும் பழுதுற்று, நொதியே செயல்படாதவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர். இவ்விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டால், தமிழர் 10 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு ஒரு பிரதியாவது பழுதுற்றிருக்கும். அவ்வாய்வு பக்கவாதத்தை மனத்தில் கொண்டு செய்யப்பட்டதன்று. இதே நொதியே வயிற்றுப்புண் மருந்துகள் பலவற்றையும் கையாள்வதால் பொதுவாகவே அது ஆராயப்பட்டது. அவ்வயிற்றுப்புண் மருந்துகளுள் ஒமிப்பிரசோல் இந்நொதியைத் தடுப்பதால், குளோப்பிடோகிரெலுடன் சேர்த்து அதனை உட்கொள்வது தவிர்க்கப்படுகின்றது. மருந்துக்கடையில் தாமாகவே ஒமிப்பிரசோல் வாங்கி உட்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் கூறுவது நல்லது.

பழுதுற்ற வடிவம் உடையவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து சீனாவில் 6,412 பேரிடம் நடந்த சோதனை 2021 இல் வெளியானது. இந்நொதியின் உதவி தேவைப்படாத டிக்காகிரெலர் பெற்றவர்களில் 6.0 விழுக்காட்டினருக்கும் குளோப்பிடோகிரெல் பெற்றவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கும் 90 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதம் வந்தது. சிறு கசிவுகளையும் சேர்த்த மொத்தக் குருதிக்கசிவு டிக்காகிரெலர் குழுவில் 5.3 விழுக்காடு, மற்றதில் 2.5 விழுக்காடு. கடுமையான, மிதமான கசிவுகளைப் பொறுத்தவரை இரு குழுக்களும் 0.3 விழுக்காடு என்ற அளவில் சமமாக இருந்தன. அச்சோதனையில் மரபணுப் பரிசோதனை தொலைவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்படாமல் மருத்துவமனையிலேயே சிறு கருவி கொண்டு செய்யப்பட்டது.